ஏழு மடங்கு, பதினோரு நிமிஷம்

ஜனவரி 9, காலை 10.40

மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடாதே.

உன் தீவுக்கு வர அனுமதி கேட்டு மூன்று முறை எழுதிப் போட்டேன். மூன்று முறையும் ‘நிலையப் பொறுப்பாளரின் சம்மதம் இல்லை’ என்று அச்சடித்த தாள் வந்தது. அந்த வானிலை நிலையத்தின் பொறுப்பாளர் யார் என்று எனக்குத் தெரியாதா? பெற்ற மகளிடம் ரப்பர் ஸ்டாம்ப் வாங்கிய தகப்பன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இந்த முறை அனுமதி கேட்கவில்லை. தகவல் சொல்கிறேன். மலைகளையும் தீவுகளையும் சுற்றிக் காட்டுகிற உல்லாசக் கப்பல் ஒன்றில் ஒன்பது நாள் பயணத்துக்கு இடம் பிடித்திருக்கிறேன். ஏப்ரல் 20 காலை ஏழு பத்துக்கு அது உன் தீவைத் தாண்டும். நிற்காது. இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போகும். கம்பெனிக்கு எழுதி வேகத்தைக் கேட்டு வாங்கினேன், வரைபடத்தில் அளந்தேன். முதல் பாறை விலகி உன் நிலையம் தெரியத் தொடங்குவதிலிருந்து கடைசிப் பாறை மறைக்கும் வரை பதினோரு நிமிஷம். ரயில்வேயில் முப்பத்தொரு வருஷம் கால அட்டவணை போட்டவன் கணக்கு, தப்பாது. கடலில் போவதற்கு உன் சம்மதம் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

நீ தினமும் தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பிழைக்கிறவள். எந்த பைனாகுலர் வாங்கலாம், கப்பலில் எந்தப் பக்கம் நிற்கலாம் என்று மட்டும் சொல். கடைக்காரர் இருபது மடங்கு பெரிதாகக் காட்டுகிற ஒன்றை எடுத்து வைத்து, “சார், இதுல நிலாவுல இருக்கற பள்ளமே தெரியும்” என்றார். “நிலாவுல எனக்கு யாரும் இல்லப்பா” என்றேன்.

இன்னொன்று. அந்தப் பதினோரு நிமிஷம் நீ வெளியே வந்து நிற்பாயா?

அப்பா


ஜனவரி 21

கடிதம் வந்தது. திருப்பி அனுப்பத்தான் எடுத்தேன். மேல்விலாசம் கோணல்மாணலாக இருந்தது. உங்கள் எழுத்து ஸ்டேஷன் பலகை மாதிரி நிமிர்ந்து நிற்கும். அதனால் பிரித்தேன். கையில் என்ன?

பதினாலு நாளைக்கு ஒரு முறை வருகிற சாமான் படகு கீழே நிற்கிறது. இருபது நிமிஷம்தான் நிற்கும். சுருக்கமாக எழுதுகிறேன்.

இருபது மடங்கு வேண்டாம். அது உங்கள் கை ஆடுவதையும் சேர்த்து இருபது மடங்கு ஆக்கும். கப்பல் தளம் வேறு இன்ஜினால் அதிர்ந்துகொண்டே இருக்கும். ஏழு மடங்கு, முன்கண்ணாடி ஐம்பது மில்லிமீட்டர். இங்கே காலை வெளிச்சம் மங்கல், பெரிய கண்ணாடிதான் வெளிச்சத்தை அள்ளும். தண்ணீர் புகாதது என்று எழுதியிருக்க வேண்டும். நீங்கள் மூக்குக்கண்ணாடி போடுகிறவர், கண் வைக்கிற இடத்தில் ரப்பர் வளையம் மடங்குகிறதா என்று பார்த்து வாங்குங்கள். கப்பல் துறைமுகத்தைப் பார்த்து வரும்போது தீவு இடது பக்கம்.

வெளியே வந்து நிற்க மாட்டேன்.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி எழுதுவதால் நானே எழுதிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை அம்மா விழுந்தாள். செவ்வாய்க்கிழமை இங்கே படகு வந்தது. துறைமுகத்துக்கு ஒரு தந்தி அடித்து அந்தப் படகில் சேதி வந்திருந்தால் ஏறியிருப்பேன். வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா போனாள். அடுத்த படகில் உங்கள் கடிதம் வந்தது, எல்லாம் முடிந்தது என்று. அதைப் பிரிக்கிற வரை பதினைந்து நாள் நான் மழை அளவு எழுதிக்கொண்டு, சாப்பிட்டுக்கொண்டு, நிலையத்து மெக்கானிக்கோடு சீட்டு ஆடிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

நிலையப் பொறுப்பாளர்


பிப்ரவரி 2, மாலை 4.15

பொறுப்பாளர் அவர்களுக்கு,

கையில் ஒன்றுமில்லை. பேனா சரியில்லை.

பைனாகுலர் வாங்கிவிட்டேன். இருபது மடங்குதான். ஏழு மடங்கில் பார்த்தால் இரண்டு கிலோமீட்டரில் நிற்கிற ஆள் முந்நூறு மீட்டரில் நிற்கிற மாதிரி. முந்நூறு மீட்டரில் எனக்கு யார் முகமும் தெரியாது. இருபதில் நூறு மீட்டர். எனக்கு முகம் வேண்டும். நாலு வருஷமாகப் பார்க்காத முகம்.

கப்பல் ஏப்ரல் 13 மதியம் கிளம்புகிறது. முந்தின நாளே போய்த் தங்கச் சொல்கிறார் பயண ஏஜென்ட். அனாவசியம். அன்று காலை போய்ச் சேருகிற ரயிலில் போனாலே மூன்று மணி நேரம் மிச்சம்.

நீ எழுதியதற்குப் பதில். அந்தத் திங்கட்கிழமை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ரெண்டு நாள் தாண்டாது சார்” என்றார். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். செவ்வாய் உனக்குப் படகு. புதன் துறைமுகம், மாலை ரயில். ஜங்ஷனில் வண்டி மாறி வெள்ளி பகல் பன்னிரண்டுக்கு வீடு. புதனோடு முடிந்துவிடும் என்கிறார் டாக்டர். வழியெல்லாம் தவித்துக்கொண்டு வந்து வெறும் கட்டிலைப் பார்க்கவா என்று நினைத்தேன். ரேடியோவும் வானிலைக்கு மட்டும்தான், சொந்த விஷயம் பேசினால் வேலை போய்விடும் என்று நீதான் சொல்லியிருந்தாய். என் கணக்கு சரி. டாக்டர்தான் தப்பு.

அப்பா


பிப்ரவரி 18

கணக்கு சரியாம்.

வெள்ளிக்கிழமை பகல் நான் வந்திருப்பேன். இரண்டு நாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்படியே நான் வருவதற்குள் போயிருந்தாலும் அந்தத் தாமதம் என்னுடையது. ரயிலில் அழுதுகொண்டு வந்திருப்பேன், அந்த அழுகை என்னுடையது. ஆள் ஏறாத வண்டியை ரத்து செய்கிற மாதிரி எல்லாவற்றையும் நீங்கள் ரத்து செய்தீர்கள். செவ்வாய்ப் படகு போன பிறகு வழியில்லை என்பீர்கள். மீன்பிடிப் படகைக் கூப்பிட்டிருப்பேன். நீந்தியிருப்பேன்.

பேனா மேல் பழி போடாதீர்கள். நான் இங்கே பகலெல்லாம் பார்ப்பது நடுக்கத்தைத்தான். கொடி, அலை, காற்றுமானியின் முள். எது காற்றில் ஆடுகிறது, எது தானாக ஆடுகிறது என்று எனக்குத் தெரியும். உங்கள் டாக்டர் என்ன சொன்னார்? என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து இந்த முறையும் பூசி மெழுகினால் இதுதான் என் கடைசிக் கடிதம்.

இருபது மடங்கை மொட்டை மாடிக்கு எடுத்துப் போய் எதையாவது ஒரு நிமிஷம் பாருங்கள். முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.


பிப்ரவரி 26, காலை 9.05

மகளுக்கு,

மொட்டை மாடிக்குப் போனேன். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு காகம். பைனாகுலரில் அது நாலு காகமாகி, நாலும் ஆட்டம் போட்டன. கீழே இறங்கி நேரே கடைக்குப் போய் மாற்றிவிட்டேன். கடைக்காரர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். “நிலா வேணாமா சார்?” என்றார். ஏழு மடங்கு, ஐம்பது மில்லிமீட்டர். ஒரு கிலோ கனக்கிறது. கூடவே கொடுத்த வார் கழுத்தை அறுத்தது, அகலமான வார் ஒன்று தனியாக வாங்கினேன். இப்போது அதே காகம் ஒரே காகமாக இருக்கிறது, மூக்கைத் தீட்டுவதுகூடத் தெரிகிறது.

கேட்டதால் சொல்கிறேன். நரம்பு வியாதி. எட்டு மாதமாக. “கையில ஆரம்பிச்சு காலுக்கு வரும். தனியா ஊர் போறதெல்லாம் இந்த வருஷத்தோட வச்சுக்குங்க” என்றார் டாக்டர். அதனால்தான் இந்த ஏப்ரல். அடுத்த ஏப்ரலில் என்னால் கப்பல் படியேற முடியுமோ என்னவோ. மாத்திரை போட்டால் அரை மணியில் கை கொஞ்சம் அடங்கும், இரண்டு மணி நேரம் தாங்கும். ஏழு பத்துக்கு அடங்கியிருக்க ஆறரைக்குப் போடப் போகிறேன்.

உன் பரிதாபத்தைக் கேட்டு இதை எழுதவில்லை. நீ மிரட்டினாய், பயந்துவிட்டேன். அவ்வளவுதான்.

அப்பா


மார்ச் 4

உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்று எழுதி அடித்துவிட்டேன். நன்றி சொல்கிற விஷயமா அது. நேற்றிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை என்று எழுதலாம் என்றால், படகு வந்ததே பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான்.

ஏஜென்ட் சொன்னபடி முந்தின நாளே போய்த் தங்குங்கள். ரயில் நேரத்துக்கு வரும் என்று நீங்கள் நம்புகிறீர்கள், நான் நம்பவில்லை, கப்பல் காத்திருக்காது. பெட்டிகளைக் கப்பல்காரர்கள் வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள், அறைக்கு வந்து சேரச் சாயங்காலமாகும். மாத்திரையும் பைனாகுலரும் கைப்பையில் இருக்கட்டும். மாத்திரை ஒரு வாரத்துக்காவது கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். அறை ஜன்னல் வழியாகப் பார்க்காதீர்கள், கண்ணாடியில் உப்புப் படிந்திருக்கும். கீழ்த் தளத்தில் நடுப்பகுதிக்கு வாருங்கள், அங்கேதான் ஆட்டம் குறைவு. கைப்பிடிக் கம்பியில் முழங்கையை ஊன்ற வேண்டாம், கம்பி அதிரும். சுவரில் முதுகைச் சாய்த்து முழங்கைகளை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளுங்கள். உங்கள் கைக்கு அதுதான் தோது.

முகம் தெரியாது. ஆள் தெரியும். வெளியே வருகிறவர்கள் மஞ்சள் மழைச்சட்டை போட வேண்டும் என்பது இங்கே விதி. மெக்கானிக் ஏப்ரலில் விடுப்பில் போகிறார், நான் மட்டும்தான் இருப்பேன். மஞ்சள் தெரிந்தால் நான்.

வருவேன் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். இரண்டு வருஷமாகக் கேட்கப் பயந்த கேள்வி. அந்த ஆறு நாளில் அம்மா என்னைக் கேட்டாளா? நீங்கள் என்ன சொன்னீர்கள்?


மார்ச் 11, மாலை 6.30

மகளுக்கு,

நீ சொன்னபடி முந்தின நாளே போய்ச் சேருகிற ரயிலுக்குச் சீட்டு மாற்றிவிட்டேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் அறையும் சொல்லி வைத்தாயிற்று. வாந்தி மாத்திரை வாங்கினேன். குளிருக்கு மூன்று அடுக்காகப் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள், அப்படியே செய்கிறேன். சுவரில் முதுகைச் சாய்த்துப் பழகுகிறேன். எதிர்வீட்டு அம்மாள் தன்னைத்தான் பார்க்கிறேன் என்று நினைத்து ஜன்னலுக்குத் திரை போட்டுவிட்டார்.

நீ கேட்டதை இரண்டு முறை எழுதத் தொடங்கினேன். கேட்டாள். மற்றதை என்னால் எழுத முடியவில்லை. கையைச் சொல்லவில்லை. விட்டுவிடு.

அப்பா


மார்ச் 18

அவள் கேட்டாளாம், மற்றதை விட்டுவிட வேண்டுமாம். மறுபடியும் எனக்கு எது தெரியலாம், எது தெரியக்கூடாது என்று நீங்களே முடிவு செய்கிறீர்கள்.

பதில் இல்லையென்றால் நானும் இல்லை. மலைகளை நன்றாகப் பாருங்கள், வலது பக்கம் அருவிகூட உண்டு. இனி எழுத வேண்டாம்.


ஏப்ரல் 27

கட்டெறும்புக்கு,

அம்மா உன்னைக் கூப்பிட்ட பெயர். அதில் எழுத எனக்கு உரிமையில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

இருபதாம் தேதி ஆறரைக்கு மாத்திரை போட்டேன். ஆறே முக்காலுக்குக் கீழ்த் தளம், இடது பக்கம், சுவரில் முதுகு. ஏழு பன்னிரண்டுக்குப் பாறை விலகியது. இரண்டு நிமிஷம் தாமதம். வெள்ளைப் பெட்டிகள் தெரிந்தன, கொடிக் கம்பம் தெரிந்தது, அதற்குப் பக்கத்தில் மஞ்சள் தெரிந்தது. கையசைத்தேன். நீயும் அசைத்தாய். பக்கத்து அறைப் பல் டாக்டர் என் தோளைத் தட்டி, “ஒரு நிமிஷம் குடுங்க சார், திமிங்கலமான்னு பாத்துட்டுத் தரேன்” என்றார். “திமிங்கலம் இல்ல சார், என் பொண்ணு” என்றேன். அவர் தன் மனைவியைக் கூப்பிட்டார், அந்த அம்மாள் மற்றவர்களைக் கூப்பிட்டார். எட்டுப் பேர் வரிசையாக நின்று உனக்குக் கையசைத்தோம்.

ஒன்பதாவது நிமிஷம் காற்று திரும்பியது. சட்டையும் திரும்பிக்கொண்டது. உள்ளே ஆள் இல்லை, இன்னொரு கம்பம்தான் இருந்தது. மற்றவர்களுக்குத் தெரியவில்லை, பைனாகுலர் என்னிடம் இருந்ததால். “நல்ல பொண்ணு சார், எவ்ளோ நேரமா நிக்குது பாருங்க” என்றார் பல் டாக்டர். பாறை மறைக்கும் வரை நான் கையை இறக்கவில்லை.

மதியம் வரை உன் மேல் எனக்கு ஆத்திரம். சாப்பிடவில்லை. இப்படியா ஒரு தகப்பனை ஏமாற்றுவது என்று பொருமினேன். சாயங்காலம் ஆத்திரம் அடங்கியது. ஏனென்றால் நானும் இதையே செய்திருக்கிறேன். அம்மாவுக்கு.

திங்கட்கிழமை மாலை, “அவளுக்குச் சொல்லியாச்சா?” என்று கேட்டாள். “சொல்லியாச்சு, கெளம்பிட்டா” என்றேன். சொல்லிவிட்ட பிறகு அந்த வண்டியை ஓட்ட வேண்டியதாகிவிட்டது. செவ்வாய், “படகு ஏறிட்டா” என்றேன். புதன் மாலை, “ரயில் ஏறிட்டா.” டாக்டர் சொன்ன புதன் போனது, அம்மா போகவில்லை. வியாழன் முழுக்க மணிக்கு ஒரு தடவை, “இப்ப எங்க வரா?” என்று கேட்டாள். அட்டவணைதான் எனக்கு மனப்பாடமாயிற்றே. “பெரிய பாலம் தாண்டியிருப்பா.” “ஜங்ஷன்ல வண்டி மாறியிருப்பா. டீ குடிச்சுக்கிட்டு இருப்பா.” “ஜன்னலோர சீட்டா?” என்றாள். ஆமாம் என்றேன்.

வெள்ளி பகல் பதினொன்றரைக்குத் தலையணையை உயர்த்தி வைக்கச் சொன்னாள். தலை வாரிவிடச் சொன்னாள். கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு மணிக்கு நான், “வண்டி லேட்டாம்” என்றேன். முப்பத்தொரு வருஷத்தில் ஓடாத வண்டிக்கு லேட் போட்டது அன்றைக்குத்தான். சனிக்கிழமையும் லேட். ஞாயிறு காலை, “வந்ததும் அவளத் திட்டாதீங்க. அவ என்ன பண்ணுவா பாவம், வண்டி லேட்டு” என்றாள். அதுதான் கடைசிப் பேச்சு.

என் கணக்கு சரி என்று உனக்கு எழுதினேனே, அது பொய். வெள்ளி பகல் பன்னிரண்டு மணியிலிருந்து அது தப்பு என்று எனக்குத் தெரியும். நீ வந்திருக்க வேண்டிய கதவை நானும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபத்தொன்றாம் தேதி கப்பல் துறைமுகத்துக்கு வந்தது. எல்லாரும் ரயிலுக்குப் போனார்கள். நான் போகவில்லை. படகுத்துறைக்குப் பக்கத்தில் அறை எடுத்து ஆறு நாளாக உட்கார்ந்திருக்கிறேன். சாமான் படகு நாளைக்குக் கிளம்புகிறது. என்னிடம் அனுமதித் தாள் இல்லை என்று படகுக்காரரிடம் சொன்னேன். “பாறையில கால் வைக்கத்தான் தாள் வேணும் சார். படகுல உக்காந்திருக்க யாரும் தாள் கேக்க மாட்டாங்க” என்றார். இந்தக் கடிதமும் நானும் ஒரே படகில்தான் வருகிறோம். கடிதம் முதலில் மேலே வரும். படித்துவிட்டு வேண்டாம் என்று தோன்றினால் ஒன்றும் எழுத வேண்டாம், நான் படகிலேயே திரும்பிவிடுகிறேன். திரும்பிப் போய்ச் சேர என்ன வழி, எத்தனை நாள் என்று எதையும் பார்த்து வைக்கவில்லை. மாத்திரை ஐந்து நாளைக்கு இருக்கிறது.

அப்பா


ஏப்ரல் 29

அப்பா,

பாறையில் நின்றே படித்தேன். இரண்டு முறை. படகுக்கு உள்ள இருபது நிமிஷத்தில் பன்னிரண்டு போய்விட்டது. முழங்காலில் தாளை வைத்து எழுதுகிறேன், என் எழுத்தும் கோணல்தான். நீங்கள் இந்த முறை நேரம் போடாமல் தேதி மட்டும் போட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதம்தானா என்று திருப்பிப் பார்த்தேன்.

அன்றைக்கு நான் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தேன். நிலையத்துத் தொலைநோக்கி அறுபது மடங்கு, கான்கிரீட் தூணில் பொருத்தியது, ஆடாது. உங்கள் முகம் தெரிந்தது. சவரம் செய்யும்போது இடது கன்னத்தில் வெட்டிக்கொண்டிருக்கிறீர்கள். வேண்டுமென்றேதான் சட்டையைக் கம்பத்தில் மாட்டினேன், நீங்கள் நம்பி ஏமாற வேண்டும் என்றுதான். சட்டை திரும்பியபோது உங்கள் முகம் போன போக்கைப் பார்த்தேன். அதற்குப் பிறகும் கையை இறக்காமல் நின்றதைப் பார்த்தேன். ஓடினேன் அப்பா. கதவுத் தாழ்ப்பாள் உப்பில் இறுகிக் கிடந்தது. உடைத்துத் திறந்து வெளியே வந்தபோது கப்பலின் புகைதான் தெரிந்தது. ஒரு நிமிஷம் லேட்.

அம்மாவுக்கு நீங்கள் செய்ததை என்னால் இன்றைக்கு மன்னிக்க முடியவில்லை. நாளைக்கு முடியுமா என்றும் தெரியாது. ஆனால் அந்த வண்டி எனக்கு வேண்டும். மேலே வந்து உட்கார்ந்து, திங்கள் மாலையிலிருந்து ஒவ்வொரு ஸ்டேஷனாகச் சொல்லுங்கள். பாலம், ஜங்ஷன், டீ, ஜன்னலோர சீட்டு, எதையும் விடாமல். அம்மா பார்த்த அந்த வண்டியில் நான் ஒரு தடவை வந்துகொள்கிறேன்.

இந்தத் தாளோடு, படகிலிருந்து சாமானை மேலே இழுக்கிற கயிற்றுக் கூடை கீழே வருகிறது. ஏணி உங்களால் ஆகாது. கூடையில் உட்காருங்கள், இடுப்பு வாரைப் படகுக்காரர் மாட்டிவிடுவார். கூடைக்குள் மஞ்சள் சட்டை இருக்கிறது, போட்டுக்கொள்ளுங்கள், விதி. இரண்டு கையாலும் கயிற்றைப் பிடியுங்கள். பைனாகுலரைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம், கழுத்தில்தானே தொங்குகிறது, இங்கிருந்தே தெரிகிறது.

மாத்திரைக்கு ரேடியோவில் சொல்லப் போகிறேன். இந்தப் பக்கம் வருகிற மீன்பிடிப் படகு யாராவது கொண்டுவந்து போடுவார்கள். வானிலைக்கு மட்டும் என்று யாராவது கத்தினால் கத்தட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

அடுத்த படகு பதினாலு நாள் கழித்துத்தான். கடிகாரத்தைப் பார்க்காமல் ஏறுங்கள். மேலே கயிற்றுச் சக்கரத்தைச் சுற்றப் போகிறது நான்தான்.

கட்டெறும்பு